லென்ஸ் மாற்றக்கூடிய ராஸ்பெர்ரி பை கேமரா: முருங்கைமரத் தேன்சிட்டுக்கு எது சரிப்படும்?

முருங்கைக்கிளை (நங்கநல்லூர்)

எல்லோருக்கும் வணக்கம். வீடு நங்கநல்லூரில், இரண்டாவது மாடி. பால்கனிக்கு எதிரே பக்கத்து வீட்டு முருங்கைமரம். பூ விட்டதிலிருந்து காலையில் தேன்சிட்டுகள் வந்து போகின்றன. ஏழாவது படிக்கும் மகள் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஸ்கூல் இருக்கும் நாளில் யார் எண்ணுவது என்று வீட்டில் பஞ்சாயத்து நடந்து, கடைசியில் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கையில் 2 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு கணினி) சும்மா கிடக்கிறது. அதில் கேமரா மாட்டி, பறவை வந்தால் தானாகப் படம் பிடிக்க வைக்க வேண்டும். மாட்யூல் 3, ஹெச்க்யூ கேமரா, குளோபல் ஷட்டர் கேமரா என்று மூன்று பெயர் அடிபடுகிறது. மாட்யூல் 3 வெளிவந்தபோது 25 டாலர், ஹெச்க்யூ 50 டாலர், அதிலும் லென்ஸ் தனி. இரண்டுமே 12 மெகாபிக்சல்தான் என்கிறார்கள். அப்புறம் எதற்கு இரட்டிப்பு விலை? லென்ஸ் மாற்றும் வசதி எனக்கு உண்மையில் வேண்டுமா?

சும்மா_வந்தேன்

பழைய போனை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு ஒரு இழையா?

முருங்கைக்கிளை

கட்டிப் பார்த்தாயிற்று. சிட்டு எறும்பு சைஸில் வந்தது. பெரிதாக்கினால் எறும்பும் போய் புள்ளி ஆகிவிட்டது.

ரிப்பன்_கேபிள் (பெரம்பூர்)

கேமராவைப் பிறகு பார்க்கலாம். பால்கனிக் கம்பியிலிருந்து பூ இருக்கும் கிளை எத்தனை அடி? குத்துமதிப்பு வேண்டாம், அளந்து சொல்லுங்கள்.

முருங்கைக்கிளை

காய் பறிக்கிற துறட்டியை நீட்டி, எட்டாத இடத்தைக் கண்ணால் சேர்த்து, அப்புறம் துறட்டியை டேப்பில் அளந்தேன். 13 அடி. 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிப்பன்_கேபிள்

நல்லது. இப்போது கணக்கு சுலபம்.

தேன்சிட்டு அலகோடு சேர்த்து 10 செ.மீ. என்று வைப்போம். மாட்யூல் 3-இல் லென்ஸ் நிரந்தரமாக ஒட்டியது, 4.74 மி.மீ. குவியத்தூரம். 4 மீட்டரில் அது பார்க்கும் அகலம் 5 மீட்டருக்கு மேல். மரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, கேபிள் ஒயர் எல்லாம் உள்ளே வந்துவிடும். 4608 பிக்சலை இத்தனை பேருக்கும் பங்கு போட்டால் சிட்டுக்குச் சேருவது சுமார் 90 பிக்சல். உங்கள் போன் எறும்பு கதையும் இதே கதைதான்.

ஹெச்க்யூவில் இருப்பது சோனி ஐஎம்எக்ஸ்477 சென்சார். அகலம் ஏறத்தாழ 6.3 மி.மீ., பிக்சல் 4056. மாட்யூல் 3-இன் சென்சாரும் கிட்டத்தட்ட இதே அகலம்தான், ஆக சென்சாரில் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம். ஆனால் இதில் 16 மி.மீ. லென்ஸ் போட்டால் 4 மீட்டரில் தெரியும் அகலம் 1.57 மீட்டர், சிட்டுக்கு 258 பிக்சல். 50 மி.மீ. போட்டால் அகலம் அரை மீட்டர். சிட்டுக்கு 800 பிக்சல். கழுத்தில் மினுங்குகிற ஊதா நிறம் வரை எண்ணலாம்.

நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு மெகாபிக்சலுக்கு இல்லை, அந்த மெகாபிக்சலை எங்கே கொட்டுவது என்று நீங்களே முடிவு செய்யும் உரிமைக்கு. சிட்டு ஒரு அடி தூரத்தில் வந்து உட்காரும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மாட்யூல் 3 என்றுதான் சொல்லியிருப்பேன். அதில் ஆட்டோ ஃபோகஸ் வேறு உண்டு. ஹெச்க்யூவில் அது கிடையாது, கையால் திருகுவதுதான்.

கூண்டில்லா_கிளி (தாம்பரம்)

ஒரே ஒரு இடைச்செருகல். 50 போட்டால் அரை மீட்டர் அகலம்தான் தெரியும். சிட்டு அடுத்த பூங்கொத்துக்குத் தாவினால் சட்டகத்துக்கு வெளியே. எண்ணுவதுதான் நோக்கம் என்றால் 16-க்கும் 50-க்கும் நடுவில் ஏதாவது பாருங்கள். நான் 25 வைத்திருக்கிறேன்.

பழைய_லென்ஸ் (சைதாப்பேட்டை)

தம்பி, புது லென்ஸ் வாங்கும் முன் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சுற்று போய் வாருங்கள். சிசிடிவி கடைகளில் பழைய அனலாக் பாக்ஸ் கேமராவில் கழற்றிய சிஎஸ் மவுண்ட் லென்ஸ் கிடைக்கும், ஹெச்க்யூவின் திருகு வாயில் அப்படியே ஏறும். 2.8-12, 5-50 மி.மீ. என்று ஜூம் மாற்றக்கூடிய வேரிஃபோக்கல் வகை. ஐபி கேமரா வந்த பிறகு இதைச் சீந்துவார் இல்லை.

ஆனால் நான் பட்ட அவமானத்தை நீங்கள் படக்கூடாது. ஒரு கடையில் சல்லிசாகக் கிடைத்தது என்று ஒரு லென்ஸை வாங்கி வந்தேன். பக்கவாட்டில் மெல்லிய ஒயர், முனையில் சதுரமான நான்கு முள் பிளக். "அது எதற்கு சார், வெட்டி விடுங்க" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து ஒயரை வெட்டி, மாட்டினேன். கரும் இருட்டு. கேபிளைத் திருப்பிப் போட்டேன், எஸ்டி கார்டை மாற்றினேன், மறுபடி சிஸ்டம் ஏற்றினேன். நள்ளிரவு 1 மணிக்கு லென்ஸைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே கதவு இறுக மூடியிருக்கிறது. அது டிசி ஆட்டோ ஐரிஸ் (ஐரிஸ் என்றால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கதவு). மின்சாரம் வந்தால்தான் திறக்கும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும். பை கேமராவில் அந்த பிளக்குக்கு இடமே கிடையாது. ஒயரையும் வெட்டியாயிற்று.

கடையிலேயே லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை தெரிய வேண்டும். ஐரிஸ் வளையத்தைக் கையால் திருப்பினால் அந்த ஓட்டை சிறிதாகிப் பெரிதாக வேண்டும். "மேனுவல் ஐரிஸ்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படியே உள்ளே சிலந்திவலை மாதிரி கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் நாலு வருடம் அட்டைப்பெட்டியில் கிடந்தால் எந்த லென்ஸுக்கும் வரும்.

ரிப்பன்_கேபிள்

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிசிடிவி லென்ஸ்களில் பல 1/3 அங்குல சென்சாருக்கானவை. அதன் மூலைவிட்டம் 6 மி.மீ., ஹெச்க்யூவுடையது 7.9 மி.மீ. மூலைகள் கருப்பாக வரும். லென்ஸில் 1/2 அல்லது 2/3 என்று எழுதியிருந்தால் கவலை இல்லை.

நிலா_பைத்தியம் (முகப்பேர்)

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் வீட்டில் இருந்தால் அதையும் விடாதீர்கள். நான் 50 மி.மீ. லென்ஸை ஒரு அடாப்டர் வழியாக ஹெச்க்யூவில் மாட்டி நிலா எடுக்கிறேன். சென்சார் சிறியது என்பதால் ஃபிலிம் கணக்கில் 5.5 மடங்கு நெருங்கிவிடும், அதாவது 275 மி.மீ. லென்ஸ் போட்ட மாதிரி. ஐரிஸ் வளையம் லென்ஸிலேயே இருக்க வேண்டும், மின்சாரத்தால் ஐரிஸை அசைக்கும் புது லென்ஸ் உதவாது. ட்ரைபாட் திருகை லென்ஸ் எடையைத் தாங்கும் பக்கமாகப் போடுங்கள். 38 மி.மீ. சதுரப் பலகையில் அரைக்கிலோ லென்ஸைத் தொங்கவிட்டால் பிறகு என்னைத் திட்டக்கூடாது.

பனானா_ஃபேன் (அண்ணா நகர்)

எல்லோரும் ஹெச்க்யூ ஹெச்க்யூ என்கிறீர்கள். குளோபல் ஷட்டரை யாரும் கண்டுகொள்ளவே இல்லையே.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். சீலிங் ஃபேனை ஓடவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஷட்டர் நேரத்தைக் குறைத்து ஹெச்க்யூவில் படம் எடுங்கள். இறக்கை நேராக இருக்காது, வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். ஹெச்க்யூ, மாட்யூல் 3 இரண்டும் வரிவரியாகப் படிப்பவை. முதல் வரி படிக்கும் நேரத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவில் இறக்கை நகர்ந்துவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் மங்கல் போகும், வளைவு போகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

2023-இல் வந்த குளோபல் ஷட்டர் கேமராவில் ஐஎம்எக்ஸ்296 சென்சார். எல்லா வரியும் ஒரே கணத்தில் ஒளி வாங்கும். பிக்சல் 3.45 மைக்ரான், ஹெச்க்யூவில் 1.55. பரப்பளவில் ஐந்து மடங்கு. மூலைவிட்டம் 6.3 மி.மீ. என்பதால் மேலே சொன்ன 1/3 அங்குல சிசிடிவி லென்ஸ்கூட ஏறக்குறைய பொருந்தும். மவுண்டும் அதே சி, சிஎஸ் மவுண்ட்தான்.

ரிப்பன்_கேபிள்

ஆனால் அது 1.6 மெகாபிக்சல். 1456-க்கு 1088.

பனானா_ஃபேன்

தெரியும் அண்ணா. உங்கள் கணக்கையே போடுகிறேன். 50 மி.மீ. லென்ஸ், 4 மீட்டர், அகலம் 40 செ.மீ., சிட்டுக்கு 360 பிக்சல். எண்ணுவதற்கு 360 போதாதா? பள்ளி நோட்டில் ஒரு கோடு போட 800 பிக்சல் எதற்கு?

கூண்டில்லா_கிளி

இதில் நான் ரிப்பன் பக்கம். குளோபல் ஷட்டர் நல்ல சரக்கு, மறுக்கவில்லை. கன்வேயரில் ஓடும் பொருளைப் பார்க்க, ரோபோ கண்ணுக்கு அதுதான். ஆனால் நம் ஊர்த் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும், தலைகீழாகத் தொங்கியாவது குடிக்கும். அந்தரத்தில் நின்று குடிப்பது எப்போதாவது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இறக்கை வளைவு ஒரு பிரச்சினையே இல்லை. அந்தச் சிறுமிக்கு ஒரு நாள் படத்தைப் பெரிதாக்கி ஆணா பெண்ணா என்று பார்க்க ஆசை வரும். அப்போது 12 மெகாபிக்சல் கைகொடுக்கும்.

பனானா_ஃபேன்

உட்கார்ந்துதான் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. சரி, இந்த வேலைக்கு வாபஸ். ஃபேனுக்கு வாபஸ் இல்லை.

முருங்கைக்கிளை (எட்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. ஹெச்க்யூ வாங்கிவிட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 5-50 வேரிஃபோக்கல், மேனுவல் ஐரிஸ், ஓட்டையைப் பார்த்துத்தான் வாங்கினேன். பூஞ்சை இல்லை.

ஆனால் படம் தெளியவே மாட்டேன் என்கிறது. எந்தப் பக்கம் திருகினாலும் முருங்கைமரம் மோரில் கரைத்த மாதிரி இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், 50-இல் வைத்துக் கையை லென்ஸுக்கு முன்னால் நீட்டினால் விரல் ரேகை வரை துல்லியமாகத் தெரிகிறது. லென்ஸ் கெட்டதா? கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

பழைய_லென்ஸ்

கையை எவ்வளவு தூரம் நீட்டினீர்கள்?

முருங்கைக்கிளை

முழங்கை மடங்கிய நிலையில், ஒன்றரை அடி, இரண்டு அடி இருக்கும்.

பழைய_லென்ஸ்

லென்ஸ் தங்கம் தம்பி. வளையம்தான் திருடன்.

கேமராவின் வாயில் ஒரு மெல்லிய உலோக வளையம் மாட்டியே வந்திருக்கும். அது சி மவுண்ட் லென்ஸுக்கான 5 மி.மீ. அடாப்டர். உங்கள் லென்ஸ் சிஎஸ். சிஎஸ் லென்ஸ் சென்சாரிலிருந்து 12.5 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும், சி லென்ஸ் 17.5 மி.மீ. தள்ளி. திருகு மரை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் லென்ஸ் எதுவும் சொல்லாமல் சமத்தாக ஏறிவிடும். நீங்கள் வளையத்தோடு மாட்டியதால் லென்ஸ் 5 மி.மீ. முன்னால் போய்விட்டது. 50 மி.மீ. லென்ஸை 5 மி.மீ. முன்னால் தள்ளினால் அரை மீட்டர் பக்கத்தில்தான் தெளியும். உங்கள் விரல் ரேகை அங்கேதான் நின்றது.

வளையத்தைக் கழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள், கட்டிங் பிளேயர் வேண்டாம். கழற்றிய வளையத்தைத் தொலைத்துவிடாதீர்கள். என்றைக்காவது பூவுக்குள் இருக்கும் எறும்பை எடுக்க ஆசை வந்தால் அதே வளையம் மேக்ரோ ஆகிவிடும்.

நிலா_பைத்தியம்

தலைகீழான பிழையையும் சொல்லிவிடுகிறேன். சி லென்ஸை வளையம் இல்லாமல் மாட்டினால் பக்கமும் தெளியாது, தூரமும் தெளியாது. பக்கத்துப் பொருள் மட்டும் தெளிகிறதென்றால் வளையம் கூடுதல். எதுவுமே தெளியவில்லையென்றால் பெரும்பாலும் வளையம் குறை.

வளையத்தைக் கழற்றும்போது சென்சார் திறந்து கிடக்கும், ஃபேனை அணைத்துவிட்டு, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துச் செய்யுங்கள். தூசி விழுந்தால் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். சட்டை நுனியால் துடைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதை மட்டும் வேண்டாம். நான் ஒரு தடவை வாயால் ஊதினேன். தூசி போனது, எச்சில் தங்கியது.

முருங்கைக்கிளை

கழற்றினேன்!! மரம் வந்துவிட்டது. இலைக்காம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. பெரியவருக்கு ஒரு ஃபில்டர் காபி கடன்.

ஆனால் இன்னும் ஒரு சின்ன இடக்கு. பறவைக்குத் தெளிய வைத்துவிட்டு, ஜூமைக் கொஞ்சம் குறைத்தால் மறுபடி மங்குகிறது.

ரிப்பன்_கேபிள்

வேரிஃபோக்கல் என்றாலே அப்படித்தான், ஜூம் மாற்றினால் ஃபோகஸையும் மாற்ற வேண்டும். ஜூமை முதலில் முடிவு செய்து அதன் திருகை இறுக்குங்கள், பிறகு ஃபோகஸ்.

அதற்கும் முன்னால் பேக் ஃபோகஸை, அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் உள்ள தூரத்தை, ஒரு தடவை சரிசெய்துவிட்டால் நிம்மதி. லென்ஸை முடிவிலிக் குறியில் வையுங்கள். உங்கள் மொட்டை மாடியிலிருந்து பரங்கிமலை தெரியுமே, அங்கே திருப்புங்கள். கேமரா உடலில் இருக்கும் பூட்டுத் திருகைத் தளர்த்தி, பேக் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பி மலை துல்லியமானதும் திருகை இறுக்குங்கள். ஐரிஸ் முழுக்கத் திறந்திருக்கும்போது செய்ய வேண்டும், மூடி வைத்துச் செய்தால் தெளிந்த மாதிரி ஏமாற்றும்.

பிறகு பறவைக்கு வரும்போது ஐரிஸை எஃப் 4 அளவுக்கு மூடுங்கள் (எஃப் எண் கூடினால் ஓட்டை சிறிதாகும்). 50-இல் எஃப் 1.4 என்று வைத்துக்கொண்டால் 4 மீட்டரில் தெளிவாக இருக்கும் ஆழம் 5 செ.மீ. சுமார்தான். கடற்காற்றில் கிளை ஆடினாலே போயிற்று. எஃப் 4-இல் 15 செ.மீ. கிடைக்கும். பதிலுக்கு வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும், காலை 7 மணி வெயிலில் பரவாயில்லை. அதற்காக 11, 16 என்று மூடிவிடாதீர்கள். இவ்வளவு சிறிய பிக்சலில் 5.6 தாண்டினாலே ஒளி ஐரிஸ் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் மொத்தமாக மென்மையாகிவிடும்.

ஆந்தைக்_காவலன் (பல்லாவரம்)

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். என் வீட்டுச் சுவர்ப் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி இருக்கிறது. இரவில் எடுக்க வேண்டும். ஹெச்க்யூவில் அகச்சிவப்பு வடிகட்டியைப் பிய்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா? பொந்து ஒரு மீட்டர் தூரம்.

கூண்டில்லா_கிளி

பிய்த்தால் திரும்ப ஒட்ட முடியாது, உத்தரவாதமும் போய்விடும். அதன் பிறகு பகலில் எடுக்கும் படத்தில் வேப்பிலை எல்லாம் இளஞ்சிவப்பாக வரும். ஒரு மீட்டர் தூரத்துக்கு லென்ஸ் மாற்றும் கேமராவே வேண்டாம். மாட்யூல் 3-இன் நோயர் வகையை வாங்குங்கள், வடிகட்டி இல்லாமலேயே வரும். 20 செ.மீ. ஆந்தைக்கு 700 பிக்சல் கிடைக்கும். அகச்சிவப்பு விளக்கை மங்கலாக வையுங்கள், பொந்துக்குள் நேராக அடிக்காதீர்கள்.

பை_ஐந்து (போரூர்)

நான் பை 5-இல் ஹெச்க்யூ மாட்டப் போகிறேன். பெட்டியில் வந்த கேபிள் அகலமாக இருக்கிறது, நுழையவே இல்லை.

ரிப்பன்_கேபிள்

நுழையாது. பெட்டியில் வருவது 15 முள் கேபிள். பை 5-லும் ஜீரோவிலும் குறுகலான 22 முள் வாய். 22-க்கு 15 கேபிள் தனியாக வாங்க வேண்டும். கரண்டை அணைத்துவிட்டு மாட்டுங்கள். அப்புறம் 2020 வாக்கில் போட்ட வீடியோவைப் பார்த்து, படம் எடுக்க ராஸ்பிஸ்டில் என்ற பழைய கட்டளையை அடித்து "கட்டளையைக் காணோம்" என்று இங்கே வந்து அழாதீர்கள். இப்போது ஆர்பிகேம்-ஸ்டில். பைத்தானில் பிகேமரா2.

பை_ஐந்து

அழத்தான் வந்தேன். நன்றி.

முருங்கைக்கிளை (ஞாயிறு, மதியம்)

கணக்கு சொல்ல வந்தேன். லென்ஸை 30 மி.மீ. பக்கம் வைத்தேன், கிளி சொன்னது சரி, 50-இல் பறவை பாதி நேரம் வெளியே போய்விடுகிறது. ஐரிஸ் 4. ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடி என்று பூட்டினேன். தானாக விட்டால் மேகம் வரும்போதெல்லாம் மங்கல். சிறிய படத்தில் அசைவு பார்த்து, அசைந்தால் மட்டும் பெரிய படத்தைச் சேமிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். கேமராவை பிவிசி குழாய்த் துண்டுக்குள் வைத்து, வெயில் லென்ஸுக்குள் நேராக விழாமல் தொப்பி போட்டாயிற்று. இரவில் கழற்றி சிலிகா ஜெல் போட்ட சம்புடத்துக்குள் வைத்துவிடுகிறேன்.

இன்று காலை 7-லிருந்து 9 வரை மகளும் கேமராவும் போட்டி. அவள் நோட்டில் 23. கேமராவில் 31. அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து பார்த்தோம். ஐந்து அணில், இரண்டு காற்று, ஒன்று நான், காபி டம்ளரோடு குறுக்கே போயிருக்கிறேன். 23-இல் ஒரு படம் பிரமாதம். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவுக்குள் அலகை விட்டிருக்கிறது, நெற்றியில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மகள் இனிமேல் மகரந்தம் ஒட்டியதையும் தனியாக எண்ண வேண்டும் என்கிறாள்.

பனானா_ஃபேன்

இறக்கை வளைந்திருக்கிறதா?

முருங்கைக்கிளை

பறந்து கிளம்பும் ஒரு படத்தில் கொஞ்சம். மீதியில் இல்லை.

பழைய_லென்ஸ்

மகரந்தம் தெரிகிறதென்றால் ஃபோகஸ் சரியான இடத்தில் நிற்கிறது. ஐரிஸ், ஃபோகஸ், ஜூம், மூன்று திருகையும் இறுக்கினீர்களா? தினமும் கழற்றி மாட்டினால் ஒன்றாவது நழுவும்.

முருங்கைக்கிளை

ஐரிஸ் திருகை மறந்துவிட்டேன். இதோ போகிறேன்.